பேவர் டிரைவ்வே: இரண்டு மினசோட்டா குளிர்காலங்களுக்குப் பிறகு

2023 செப்டம்பரில் எங்கள் வீட்டு டிரைவ்வேயின் (தெருவிலிருந்து கராஜுக்குக் கார் போகும் பாதை) பழைய கான்கிரீட்டை உடைத்து எடுத்துவிட்டுப் பேவர் கல் என்ற சின்னச் சின்னக் கான்கிரீட் கற்களைப் பதித்தோம். வீடு இருப்பது மினியாபொலிஸுக்கு மேற்கே, பிளிமத்தில். வேலை முடிந்த வாரமே இதை எழுதியிருக்கலாம். ஆனால் பதித்த புதிதில் எந்தப் பேவரும் அழகாகத்தான் இருக்கும். மண் இரண்டு முறை உறைந்து இரண்டு முறை இளகட்டும் என்று காத்திருந்தேன். இப்போது 2025 மே.

வீடு 1993-ல் கட்டியது. கான்கிரீட்டும் அப்போது ஊற்றியதுதான். 20 அடி அகலம், 36 அடி நீளம். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நாங்கள் 2016-ல் வாங்கியபோது நடுவில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தது. ஒவ்வொரு வருடமும் குளிருக்கு முன்னால் டியூபில் வரும் பசையை அதில் பிதுக்கி அடைத்தோம். அடுத்த வருடம் அதற்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று விடும். மேல்தோல் செதில் செதிலாக உரிந்து உள்ளே இருந்த ஜல்லி தெரிய ஆரம்பித்தது. அப்புறம் 2022-23 குளிர்காலம் வந்தது. இந்தப் பக்கத்தில் அந்த ஒரு பருவத்தில் மட்டும் 90 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டியது. பதிவேட்டில் அதற்கு மூன்றாவது இடம். ஏப்ரலில் பனி கரைந்து பார்த்தால், கராஜ் கதவுக்கு முன்னால் இருந்த கான்கிரீட் துண்டு கராஜ் பக்கமாகச் சாய்ந்து இறங்கியிருந்தது. அடுத்த துண்டு அதைவிட ஒரு அங்குலம் உயரமாக நின்றது. மழைத் தண்ணீர் தெருவுக்குப் போவதை விட்டுவிட்டு கராஜுக்குள் வந்தது.

அந்த மே மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். வந்த நான்காம் நாள் காய்கறிப் பையோடு காரிலிருந்து இறங்கி நடந்தவர் அந்த விளிம்பில் தடுக்கி விழுந்தார். முழங்கால் தோல் வழண்டதோடு போயிற்று, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் இரண்டு மாதமும் வாசலில் இறங்கும்போதெல்லாம் காரைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தார். அதைப் பார்த்த பிறகு பசை டியூப் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

மறுபடியும் கான்கிரீட்டே ஊற்றலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். விலை கேட்க ஆரம்பித்தபோது, எதனால் உடைந்தது என்று தெரியாமல் அதையே திரும்பப் போடக் கூடாது என்று தோன்றியது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கான்கிரீட்டின் மேல்தோல் உரிவதற்கு அது போதும். காரிலிருந்து சொட்டும் சாலை உப்பு அதை இன்னும் விரைவுபடுத்துகிறது. ஆனால் ஒரு பெரிய பலகையையே தூக்குவது அடியில் நடக்கும் வேறு வேலை. எங்கள் பகுதி மண், பனிப்பாறைகள் விட்டுப்போன களிமண். மேலிருந்து குளிர் இறங்கும்போது, ஈரமான நுண்மண் கீழே இருக்கும் தண்ணீரை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மேலே இழுக்கிறது. அது உறையும் இடத்தில் ஐஸ் தகடு தகடாக வளர்ந்து மேலே இருப்பதைத் தள்ளுகிறது. மார்ச்சில் அதே ஐஸ் மேலிருந்து கீழாக உருகும். அடியில் இன்னும் உறைந்திருப்பதால் தண்ணீர் கீழே வடியாது, மண் கூழாகிவிடும். அந்தக் கூழின் மேல் கார் ஏறினால் கான்கிரீட் தாங்காது. இன்னொன்றும் உண்டு. பனிப் போர்வை மண்ணுக்கு ஒரு கம்பளி மாதிரி. டிரைவ்வேயில் நாம் பனியை அள்ளிவிடுவதால், புல்வெளியைவிட அங்கே குளிர் ஆழமாக இறங்கும்.

குளிர் இறங்கும் ஆழத்துக்குக் கீழே இருப்பதற்காக, எங்கள் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) அஸ்திவாரம் 42 அங்குலம் ஆழம் போக வேண்டும் என்பது கட்டட விதி. அவ்வளவு ஆழத்துக்கு யாரும் டிரைவ்வே தோண்டப் போவதில்லை. ஆக, மண் அசையும். அசைவைத் தாங்காமல் உடைவதா, கூடவே அசைந்து திரும்ப உட்காருவதா என்பதுதான் கேள்வி. சின்னச் சின்னக் கற்களாக, இடையில் மணல் நிரப்பிப் பதித்தது இரண்டாவதைச் செய்கிறது. இதை அம்மாவிடம் விளக்கியபோது, "ஏன் கண்ணு, நம்ம தெருவுல போட்டிருக்காங்களே, அந்தப் பேவர் பிளாக்கா?" என்றார். அதேதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நெதர்லாந்தில் சுட்ட செங்கல்லுக்குப் பதிலாகப் பரவிய கான்கிரீட் கல்தான் நம் ஊர்த் தெருவிலும் இருக்கிறது, மினசோட்டாவிலும் இருக்கிறது. நம் தெருவில் குடிநீர்க் குழாய்க்காகக் கல்லை எடுத்துத் தோண்டிவிட்டு, மண்ணைச் சரியாகக் கெட்டிக்காமல் திரும்ப அடுக்கினால் அந்த இடம் மட்டும் பள்ளமாகும் இல்லையா? அம்மா அதையும் நினைவூட்டினார். அதுவே பின்னால் எங்களுக்கும் நடந்தது.

மொத்தம் ஐந்து பேரிடம் விலை வாங்கினோம். தார் போட 5,400 டாலர். திரும்பக் கான்கிரீட் ஊற்ற 9,000. பேவருக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர், பழைய கான்கிரீட்டை எடுக்கவே வேண்டாம், அதன் மேலேயே மெல்லிய கல்லை ஒட்டிவிடலாம் என்றார், 11,000. அடியில் இருக்கும் பலகை தூக்கினால் மேலே ஒட்டிய கல்லும் அதோடு தூக்கும், இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்கும். இந்தக் குளிரில் அதை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். இன்னொருவர் 14,500 கேட்டார். அடியில் எத்தனை அங்குலம் ஜல்லி என்றதற்கு, "6 அங்குலம், எல்லா வீட்டுக்கும் அப்படித்தான்" என்றார். நல்ல வடிகால் உள்ள மண்ணில், குளிர் குறைந்த இடத்தில் 6 போதும். ஈரமான களிமண்ணும் உறைபனியும் சேர்ந்த இடத்தில் இன்னும் கூட்ட வேண்டும் என்று இந்தத் தொழிலின் அமைப்பே தன் வழிகாட்டிகளில் சொல்கிறது. மூன்றாமவரை மேப்பிள் குரோவ் கோயிலில் பழக்கமான ஒரு குடும்பம் சொல்லித்தான் அழைத்தோம். அவர் விலை சொல்வதற்கு முன்னால் ஒரு கம்பியை எடுத்துப் புல்வெளி ஓரத்தில் மண்ணைக் குத்திப் பார்த்தார், களிமண்ணை விரலில் உருட்டினார். 12 அங்குலம் ஜல்லி, 80 மில்லிமீட்டர் கல், இரண்டு வருட வாரண்டி, 19,800 டாலர். சதுர அடிக்கு 27.50 ஆகிறது. கணவருக்கு இந்தத் தொகை ஒரு வாரம் ஜீரணமாகவில்லை. எனக்கும்தான். ஆனால் மண்ணைத் தொட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

வேலை தொடங்கும் முன் 811 என்ற எண்ணை அழைத்து நிலத்தடிக் குழாய்களைக் குறிக்கச் சொல்ல வேண்டும். இலவசம். புல்வெளி முழுக்க மஞ்சளும் சிவப்பும் ஆரஞ்சுமாகக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள்: எரிவாயு, மின்சாரம், தொலைபேசி. ஒப்பந்தக்காரரே இதைச் செய்துவிட்டார்.

முதல் நாள் உடைப்பு. பாப்கேட் என்ற சின்ன அள்ளும் வண்டி அந்த 30 வருடக் கான்கிரீட்டைக் காலை 11 மணிக்குள் லாரியில் ஏற்றிவிட்டது. (இந்த வண்டியின் மூதாதை 1950-களில் இதே மாநிலத்தில் ராத்சே என்ற சிற்றூரில் பிறந்தது. கெல்லர் சகோதரர்கள் இருவர் வான்கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்யச் செய்தது. என் மகள் பள்ளிக்கூடத்தில் கேட்டுவந்து சொன்னாள்.) உடைத்த பிறகு தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும். 4 அங்குலக் கான்கிரீட், அதற்கு அடியில் 2 அங்குல மணல், அதற்குக் கீழே நேராகக் களிமண். ஏழு வருடம் மேலே பசை அடைத்துக்கொண்டிருந்தோம். நோவு முழுக்க அடியில் இருந்திருக்கிறது. அடியில் ஒழுங்காக ஜல்லி போட்டு, காற்றுக் குமிழி கலந்த கான்கிரீட்டைப் போதுமான இணைப்பு இடைவெளியோடு ஊற்றியிருந்தால் அதுவும் இன்னும் பல வருடம் உழைத்திருக்கும். கான்கிரீட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை.

16 அங்குலம் தோண்டினார்கள். அடியில் கறுப்பு ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தார்கள். இந்தத் துணி இல்லாவிட்டால் வசந்தத்தில் இளகும் களிமண் ஜல்லிக்குள் ஏறிக் கலந்துவிடும். அப்புறம் 12 அங்குல ஜல்லி 8 அங்குலம் போலத்தான் வேலை செய்யும். துணியின் மேல் இங்கே எல்லாரும் 'கிளாஸ் 5' என்று சொல்லும் உடைத்த ஜல்லி. மாநிலச் சாலைத் துறையின் தர எண் அது. ஜல்லியும் பொடியும் கலந்திருக்கும். ஏறக்குறைய 50 டன் வந்தது. மொத்தமாகக் கொட்டி ஒரேயடியாக அமுக்கவில்லை. 3 அங்குலம் பரப்பி, தண்ணீர் தெளித்து, தட்டும் இயந்திரத்தை ஓட்டி, மறுபடி 3 அங்குலம். இப்படி நான்கு அடுக்கு. இதற்கே இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் வீட்டில் பாத்திரங்கள் அதிர்ந்துகொண்டே இருந்தன. கடைசி அடுக்கு முடிந்ததும் மேஸ்திரி என்னை அழைத்து, குதிகாலால் ஓங்கி மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். தடம் விழவில்லை.

அதன் மேல் ஒரு அங்குலம் மணல். இரண்டு பக்கமும் ஒரு அங்குலக் குழாயைப் படுக்கவைத்து, அதன் மேல் பலகையை இழுத்துச் சமப்படுத்துகிறார்கள். கழுவிய கரடுமுரடான கான்கிரீட் மணல்தான் வேண்டும். சிலர் மலிவாக ஜல்லித் தூள் போடுகிறார்கள். அது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உறைந்தால் கல்லைத் தூக்கும். விலை பேசும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கராஜிலிருந்து தெருவுக்கு அடிக்குக் கால் அங்குலம் வீதம் சரிவு வைத்தார்கள். 36 அடிக்கு 9 அங்குலம். இப்போது மழை பெய்தால் ஓடும் திசை கண்ணுக்குத் தெரிகிறது.

கல்லைப் பற்றி: 6-க்கு 9 அங்குலம், சாம்பல் நிறத்தில் லேசாகப் பழுப்பு கலந்தது. வீட்டு டிரைவ்வேக்கு 60 மில்லிமீட்டரே போதும் என்பார்கள். நாங்கள் 80 எடுத்தோம், எங்களிடம் ஒரு வேன் இருப்பதால். அமெரிக்கத் தரவிதிப்படி பேவர் கல் சராசரியாக 8,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் தாங்க வேண்டும், 5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சக் கூடாது. ஊற்றும் கான்கிரீட் பெரும்பாலும் 4,000 முதல் 4,500 வரைதான். இரண்டு குளிர்காலத்துக்குப் பின் ஒரு கல்லில்கூட மேல்தோல் உரியவில்லை, மூலை உடையவில்லை. அடுக்கும் முறையில் எனக்கு நேர் வரிசைதான் பிடித்திருந்தது. மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. பிரேக் போடும்போதும் சக்கரத்தைத் திருப்பும்போதும் கல் பக்கவாட்டில் தள்ளப்படும். நேர் வரிசை நாளடைவில் நகரும். மீன்முள் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும் என்றார். ஹெரிங்போன் என்று கேட்டால் இங்கே எல்லாருக்கும் புரியும். அவர் சொன்னது நல்லதாகப் போயிற்று. தினமும் வேனை ஒடித்துத் திருப்பும் இடத்தில் இன்றுவரை ஒரு கல் விலகவில்லை.

முதல் ஒரு வருடம் கல்லின் மேல் வெள்ளையாகப் பூத்தது. சிமெண்டிலிருந்து வரும் சுண்ணாம்புதான். கறையென்று பயந்து அமிலம் ஊற்றாதீர்கள். எங்களுடையது மழையிலேயே போய்விட்டது.

இனி குறைகள். முதலாவது இடுக்கில் போடும் பாலிமர் மணல். தண்ணீர் தெளித்தால் இறுகும் வகை. கல்லும் காற்றும் காய்ந்திருக்கும்போது போட வேண்டும், ஓரிரு நாள் மழை வரக் கூடாது. அன்று சாயங்காலம் மழை வரும் என்று என் போனே சொல்லியது. அவர்கள் அடுத்த வேலைக்குப் போகும் அவசரத்தில் மதியம் போட்டுவிட்டுப் போனார்கள். ஆறு மணிக்கு மழை கொட்டி, மணல் பாதி கரைந்து, கல்லின் மேல் பால் சிந்தியதுபோல் ஒரு படலம் படிந்தது. கூப்பிட்டதும் வந்தார்கள், படலத்தைக் கழுவினார்கள், மணலைப் புதிதாகப் போட்டார்கள், காசு கேட்கவில்லை. ஆனால் கராஜ் ஓரத்தில் சுமார் பத்துக் கல்லில் அந்த மங்கல் இன்னும் இருக்கிறது. அன்றைக்கு ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்லி நான் உறுதியாக நின்றிருக்க வேண்டும். காசு கொடுப்பவர் நீங்கள். வானிலையைக் காட்டி நிறுத்தச் சொல்லலாம்.

இரண்டாவது கொஞ்சம் பெரியது. 2024 ஏப்ரலில் கராஜின் வலது மூலையில், 4-க்கு 3 அடி இடம் முக்கால் அங்குலம் இறங்கியது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் அந்த மூலையில்தான் முடிகிறது. அஸ்திவாரத்துக்காகத் தோண்டி மூடிய மண்ணும் அங்கேதான் இருக்கிறது. பழைய கான்கிரீட் சாய்ந்ததும் அதே மூலையில்தான். இவ்வளவும் கண்ணெதிரில் இருந்தும் வேலை செய்தவர்கள் அந்தத் தண்ணீருக்கு வழி செய்யாமல் விட்டது பெரிய தவறு, அதை அவர்களிடமே சொன்னேன். வாரண்டியில் வருவதாக ஒத்துக்கொண்டு, வந்து சேர மூன்று வாரம் ஆக்கினார்கள். வசந்தத்தில் இவர்களைப் பிடிப்பது கஷ்டம், எல்லா வேலையும் அப்போதுதான் தொடங்குகிறது. ஆனால் பழுது பார்த்த விதத்தைப் பார்த்தபோதுதான் பேவருக்குக் கொடுத்த காசு எங்கே போனது என்று எனக்கு முழுதாகப் புரிந்தது. இரண்டு பேர், முப்பது சொச்சம் கல்லை நெம்பி எடுத்து வரிசையாக வைத்தார்கள், ஜல்லி சேர்த்துக் கெட்டித்தார்கள், கூரைத் தண்ணீரைப் புல்வெளிக்குக் கொண்டுபோகத் தரைக்கடியில் குழாய் பதித்தார்கள், அதே கல்லை அதே இடத்தில் திரும்ப அடுக்கினார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. எந்த இடம் என்று இன்று என்னாலேயே காட்ட முடியாது. கான்கிரீட்டாக இருந்திருந்தால் ஒரு துண்டையே வெட்டி எடுத்து ஊற்றியிருக்க வேண்டும், நிறமும் ஒட்டாது.

குளிர்காலத்தைச் சொல்கிறேன். 2023-24 இந்தப் பகுதியின் பதிவிலேயே மிக வெப்பமான குளிர்காலம். அதை நான் பெரிய சோதனையாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024-25-ல் நல்ல குளிர் வந்தது, அதுவும் பனிப் போர்வை அதிகம் இல்லாமல். பிப்ரவரி நடுவில் கராஜ் வாசலில் கல் மட்டம் கராஜ் தரையைவிடக் கால் அங்குலம் மேலே வந்திருந்தது. மகள் அளவுகோலை வைத்து அளந்து காலண்டரில் குறித்தாள். ஏப்ரல் கடைசியில் அளந்தபோது பழைய மட்டத்துக்கு வந்துவிட்டது. எங்கும் விரிசல் இல்லை, படி விழவில்லை.

பனி அள்ளுவதில் சிலவற்றை மாற்றிக்கொண்டோம். இரும்பு விளிம்பு உள்ள மண்வெட்டியைத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டு பிளாஸ்டிக் வாங்கினோம். ஸ்னோ புளோயரின் அடியில் இருந்த இரும்புச் சறுக்குக் கட்டைகளைக் கழற்றி பிளாஸ்டிக் மாட்டினோம், இல்லாவிட்டால் கல்லில் துருக்கோடு விழும். உப்பு போடுவதில்லை. பேவர் உப்பைக் கான்கிரீட்டைவிட நன்றாகத் தாங்கும் என்றாலும், சாதா உப்பு சுமார் மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அநேகமாக வேலை செய்யாது, இங்கே ஜனவரியில் பல நாள் அதற்குக் கீழேதான். தவிர, ஒரு தேக்கரண்டி உப்பு 5 கேலன் தண்ணீரைக் கெடுக்கும் என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்கிறது. எங்கள் தெருத் தண்ணீர் மெடிசின் ஏரிக்குத்தான் போகிறது. வழுக்கும் நாளில் ஒரு வாளி மணல் தூவுகிறோம்.

களை வரும். பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தின் இறக்கை விதைகள் ஜூனில் இடுக்குகளில் சொருகிக்கொண்டு முளைக்கும். அடியிலிருந்து வருவதில்லை, மேலே படியும் தூசியில் முளைப்பதுதான். வாரம் ஒருமுறை பெருக்கினால் போதும். விட்டுவிட்டால் பிடுங்கும்போது மணலும் சேர்ந்து வரும்.

எனக்கு இந்த வேலை திருப்தி. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்று குறைவது அந்த மழை நாளுக்கும் வலது மூலைக்கும் சேர்த்து. ஐந்தாறு வருடத்தில் வீட்டை விற்கப் போகிறவர்கள், அல்லது வடிகால் நன்றாக உள்ள மணற்பாங்கான மண் உள்ளவர்கள், இவ்வளவு செலவு செய்ய அவசியமில்லை. நல்ல அடித்தளத்தோடு கான்கிரீட்டே போடலாம். எங்களைப் போல் களிமண்ணில் இருப்பவர்கள், வீட்டில் வயதானவர்கள் நடமாடுபவர்கள், பணம் சேரும்வரை ஒரு வருடம் தள்ளிப்போட்டாவது 12 அங்குலம் ஜல்லி போடுபவரிடம் கொடுங்கள். 6 அங்குலத்தில் பேவர் போடுவதற்குத் தாரே மேல். ஒப்பந்தத்தில் கல்லின் நிறம் நான்கு வரி இருந்தால் ஜல்லியின் ஆழம், அடுக்கு, துணி, மணல் வகை ஆகியவை எட்டு வரி இருக்க வேண்டும். அதே தொகுப்பிலிருந்து இருபது சதுர அடிக்குக் கூடுதல் கல் வாங்கி வையுங்கள், அடுத்த வருடம் அதே நிறம் கிடைக்காது. எங்களுடையது கொட்டகைக்குப் பின்னால் அடுக்கி இருக்கிறது.

அம்மா ஜூன் 12 வருகிறார். வாரண்டி செப்டம்பரில் முடிகிறது. அதற்கு முன்னால், கற்கள் விலகாமல் இருக்க ஓரத்தில் அடித்த ஆணிகள் எங்காவது மேலே வந்திருக்கின்றனவா என்று அவர்களையே வரச்சொல்லிப் பார்க்கப் போகிறேன். இடது பக்கத்தில் இரண்டு லேசாகத் தலை தூக்கியிருப்பதுபோல் எனக்குத் தெரிகிறது.